பெட்டி வைனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அண்ணைமாரே

லாச்சப்பலிலும் பாரிஸின் மற்றப் பக்கங்களிலும் சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணைமார், அக்காமாருக்கு,

உங்களில் சிலரின் குசினியில் கோப்பை கழுவியிருக்கிறேன், மிச்சப் பேரின் கடையில் கடனுக்குச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் உங்கள் கடைகளில் ஊற்றும் வைனைப் பற்றி எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

போன மாரியில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரர் நண்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டு இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். முதலாளி அண்ணை பத்து நிமிடம் நின்று சொன்னார்: தூள் வீட்டில் வறுத்தது, பெருஞ்சீரகம் ஒரு பிடி கூட, முருங்கையிலை கடைசியில்தான் போட வேண்டும் என்று. மனுசன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கையிலிருந்த கிளாஸைக் காட்டி "இது எந்த ஊர்?" என்றார். அண்ணை உள்ளே போய், வைன் ஊற்றிய அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாட்டு வைன்களின் கலவை என்று எழுதியிருந்தது. ஊரே இல்லாத வைன். வெளியே வந்து "ரூஜ்", சிவப்பு, என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான் நாலு வருடமாகச் செப்டம்பரில் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு லியோனுக்கு வடக்கே, பொஜொலே மேட்டில், ஒரு குடும்பத்திடம் திராட்சை வெட்டப் போகிறேன். தாய், தகப்பன், மகள், ஏழு ஹெக்டயர், அவ்வளவுதான். அங்கே கொடி முழங்கால் உயரம், நாள் முழுக்கக் குனிந்தே வெட்ட வேண்டும், மூன்றாம் நாள் முதுகு கழன்றுவிடும். அவர்களின் ஒரு துண்டு காணி ஃப்ளூரியில், இளஞ்சிவப்புக் கருங்கல் உக்கிய மணல். மற்றத் துண்டு மோர்கோனில், கல்லே நீலம் பாரித்துக் கிடக்கும். இரண்டிலும் ஒரே கமே திராட்சை, வெட்டுவதும் வடிப்பதும் அதே கை, ஆனால் ஃப்ளூரி வைன் பூ மணத்தோடு லேசாக இறங்கும், மோர்கோன் கொஞ்சம் இறுகி நிற்கும். இதைத்தான் பிரெஞ்சுக்காரர் டெருவார் என்று பெரிய சொல்லாகச் சொல்கிறார்கள். புகையிலை வாங்கும்போது எந்தத் தோட்டத்து மண் என்று கேட்டு வாங்கிய ஆட்களின் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தவும் வேண்டுமா?

செய்முறையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். குலையைக் காம்போடு முழுசாகத் தொட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை, தோலிலும் நிலவறையிலும் இருப்பதே வேலையைத் தொடங்கும். ஊரில் கள்ளு முட்டிக்கு ஆர் ஈஸ்ட் போட்டது? முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காமல் கருப்பநீராக நிற்கும், பூசாவிட்டால் கள்ளு. வைனில் ஈஸ்ட்டையும் பக்டீரியாவையும் அப்படி அடக்கி வைப்பது கந்தகம். சாதாரணச் சிவப்பு வைனில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்க இங்கே சட்டம் விடுகிறது. 2020-இல் அங்கீகாரம் கிடைத்த 'வன் மெத்தோட் நத்யூர்', இயற்கை முறை வைன், என்ற முத்திரைக்கு 30-க்குக் கீழே நிற்க வேண்டும். கையால் வெட்டிய ஓர்கானிக் திராட்சையாகவும் இருக்க வேண்டும். பிழிகிற நாளில் பாதி புளித்த இனிப்புச் சாறு ஒழுகும், அதற்கு அங்கே 'பரடி', சொர்க்கம், என்று பேர். முதல் தடவை குடித்தபோது எனக்குத் தாத்தாவின் பனையடிதான் நினைவுக்கு வந்தது.

சரி, வியாபாரத்துக்கு வருகிறேன். எங்கள் உறைப்போடு காம்புத் துவர்ப்பும் அல்ககோலும் கூடின வைன் சேராது, வாய் இன்னும் எரியும், ஆள் தண்ணீர்தான் கேட்பார். கமே துவர்ப்புக் குறைந்தது. 13, 14 பாகை செல்சியஸில் கொஞ்சம் குளிராக ஊற்றிக் கொடுத்தால் ஆட்டிறைச்சிக் கறிக்கும் கணவாய்க்கும் நன்றாகப் போகும். கொத்துரொட்டிக்கு எனக்கு இன்னும் பியர்தான்.

இப்படிச் செய்யும் வைனின் குறையையும் சொல்ல வேண்டும். விலை கூட. கந்தகம் இல்லாத போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கெட்டுவிடும், சிலதில் விழுங்கியபின் எலிக்கூட்டு நாற்றம் ஒன்று வரும், அதை "இயற்கை வைன் இப்படித்தான்" என்று விற்க வருபவரை நம்பவேண்டாம், திருப்பிக் கொடுங்கள். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு செய்த வைனுக்கு உள்ளே என்ன சேர்த்தது என்று சொல்லியாக வேண்டும், லேபிளிலேயே எழுதியிருக்கும், இல்லாவிட்டால் கியூஆர் குறி இருக்கும். வாங்குமுன் வாசித்தோ போனில் தட்டியோ பாருங்கள்.

குடியைப் பரப்ப வந்திருக்கிறான் என்று யாரும் தொடங்க வேண்டாம். குடி எங்கள் வீடுகளில் என்ன செய்தது என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது ஏற்கெனவே வைன் விற்கிற கடைகளிடம், மெனுவில் ஒரே ஒரு வரி: ஒரு சின்னக் குடும்பத்து வைன், ஊர்ப் பேரோடு.

செப்டம்பரில் இரண்டு பேர் என்னோடு வரலாம். கார் து லியோனிலிருந்து மாக்கோன் வரை ரயில், அங்கிருந்து அவர்களின் பழைய வான் வந்து ஏற்றும். தூள் ஒரு பை கொண்டு வாருங்கள், போன வருடம் நான் வைத்த கோழிக் கறிக்குப் பிறகு அந்தத் தகப்பன் போன் எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறார்.