இரவுதோறும் பேதி மருந்து: உறையில் தமிழ்ப் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

'குடல் சுத்தம்', 'கழிவு நீக்கம்' என்ற பெயர்களில் நாட்டு மருந்துக் கடைகளிலும் மருந்தகங்களிலும் கைப்பேசி விளம்பரங்கள் வழியாகவும் விற்கப்படும் பொடிகளைப் பற்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இது சித்த மருத்துவத்துக்கோ ஆயுர்வேதத்துக்கோ எதிரான கடிதம் அன்று. அம்மருந்துகளின் வீரியத்தை நம்புகிறவள் என்பதாலேயே, அவற்றை ஏதோ சத்துமாவு போல எண்ணி இரவுதோறும் வெந்நீரில் கலக்கிக் குடிப்பதைக் கண்டு அஞ்சுகிறேன்.

என் தாயாருக்கு வயது 74. இரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரை சாப்பிட்டு வந்த அவர், மலச்சிக்கல் தீரும் என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, அப்படிப்பட்ட பொடி ஒன்றை ஏறத்தாழ ஓராண்டு விடாமல் எடுத்துக்கொண்டார். முதலில் ஒரு தேக்கரண்டி. அது கேட்காமல் போனதும் இரண்டு. கெண்டைக்கால் இழுக்கிறது என்றார், படியேற முடியவில்லை என்றார். வயதின் தளர்ச்சி என்று நாங்கள் இருந்துவிட்டோம். ஒரு நாள் காலையில் நெஞ்சு படபடத்துத் தலைசுற்றி விழுந்த பிறகு இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது, தசையும் இதயமும் சரியாக இயங்கத் தேவையான, லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் குறையக் கூடாத பொட்டாசியம் என்னும் உப்பு 2.6 ஆக இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து உறையைத் தேடி எடுத்துப் படித்தேன். பின்பக்கத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில், 'கேசியா அங்குஸ்டிஃபோலியா' என்று இருந்தது. அது நிலவாகை. உலகச் சந்தையில் எங்கள் திருநெல்வேலிச் சீமையின் பெயராலேயே 'டின்னவெல்லி சென்னா' என்று அறியப்பட்டு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் பல நாடுகளுக்குப் போகும் அந்த இலை, எங்கள் வீட்டு அலமாரியிலேயே இலத்தீன் பெயருக்குள் மறைந்திருந்தது. நீர் மாத்திரை சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை இழக்கச் செய்யும். நிலவாகை மலத்தின் வழியாக இழக்கச் செய்யும். எத்தனையோ பேரின் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்த நான், 'வேறு என்னம்மா சாப்பிடுகிறாய்?' என்று என் தாயிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

நிலவாகை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதிலுள்ள செனோசைடு என்னும் பொருள் தன்னளவில் பேதியை உண்டாக்குவதில்லை. சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்திருக்கும் அது இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாறாமல் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள்தாம் அந்தப் பிணைப்பை அறுத்து, 'ரெயின் ஆந்த்ரோன்' என்ற செயல்படும் பொருளாக அதை மாற்றுகின்றன. அப்பொருளே குடலின் அசைவைத் தூண்டி, நீரைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இரவில் குடித்தால் விடியலில் வயிறு கழிவதற்குக் காரணம், இந்தப் பயணத்துக்கும் மாற்றத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆவதுதான். எந்த நுண்ணுயிரியும் அண்டாமல் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செனோசைடு கொடுத்தபோது கடுங்கழிச்சல் உண்டாகவில்லை. ஆக, குடலைக் 'கிருமி நீக்கிச் சுத்தமாக்கும்' என்று விளம்பரப்படுத்தப்படும் மருந்து, அந்தக் 'கிருமிகளின்' உழைப்பு இல்லாமல் மருந்தாகவே ஆவதில்லை.

நிலவாகை மட்டுமன்று. இருமலுக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசின் என்னும் பொருள், குடல் பாக்டீரியாக்களால் மாற்றப்பட்ட பிறகே உடலில் முழுமையாகச் சேர்கிறது. அளவு மிகுந்து நாள்பட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தையும் குறைக்கிறது. திரிபலாவிலுள்ள கடுக்காய், நெல்லி ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள்களிலிருந்து பாக்டீரியாக்கள் 'யூரோலித்தின்' என்ற சேர்மங்களை உருவாக்குகின்றன; அதற்குரிய பாக்டீரியாக்கள் எல்லார் குடலிலும் இருப்பதில்லை. ஒரே சூரணம் ஒருவருக்குக் கேட்பதும் மற்றொருவருக்குக் கேட்காததும் நாம் அன்றாடம் காண்பது. உடலில் வாழும் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களுக்கும் அதில் பங்குண்டு.

குடல் சுவரில் ஆண்டுக்கணக்கில் கழிவு ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்குகிறது என்ற பேச்சு நம் மூலிகைக் கடைகளில் தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், இதே நம்பிக்கையில் மலச்சிக்கலுக்காகப் பலரின் பெருங்குடலையே அகற்றினார். மருத்துவ உலகம் பின்னர் அக்கொள்கையைக் கைவிட்டது. குடலின் உட்சுவரிலுள்ள செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்பவை. அங்கே பழைய கழிவு படிந்து கிடக்க இடமில்லை.

நம் மரபில் பேதி மருந்து இருந்தது. அதற்கு ஒரு காலக்கணக்கும் இருந்தது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்பது சித்தர் தேரையர் வகுத்த விதி. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது விடுமுறை நாளில் விளக்கெண்ணெய் கொடுத்தால், அன்றைக்கு வெயிலில் போகவிட மாட்டார்கள். மாலையில் மோரும் கஞ்சியும் கொடுத்து வயிற்றை ஆற்றுவார்கள். அந்த முறையின் ஒவ்வொரு பகுதியையும் அறிவியல் ஏற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கழித்த குடலுக்கு ஓய்வும் உணவும் தேவை என்ற அறிவு அதில் இருந்தது. பெருங்குடலைக் கருவி வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்காக ஒரே ஒரு முறை குடலை முழுவதும் கழுவினாலும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. நலமுள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நாள்தோறும் கழிப்பவரின் குடலுக்கு அந்த இரண்டு வாரம் கிடைப்பதே இல்லை.

குழாய் வைத்துக் குடலைக் கழுவும் நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1978 முதல் 1980 வரை, அவ்வாறான ஒரு நிலையத்தின் கருவி வழியாகப் பரவிய அமீபா தொற்றால் குறைந்தது 36 பேர் நோயுற்றனர். பத்துப் பேருக்குப் பெருங்குடலை அகற்ற வேண்டியதாயிற்று. ஆறு பேர் இறந்தனர்.

இதற்கு மாற்றாக, 'நல்ல பாக்டீரியா' மாத்திரைகளை நாமே வாங்கிச் சாப்பிடுவதும் விடையாகாது. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு அம்மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவன ஆய்வில் (2018), அவர்களின் சொந்த பாக்டீரியாக்கள் மீண்டும் குடியேறுவது தாமதமானது. குறிப்பிட்ட சில நோய்நிலைகளில் அவை உதவுகின்றன. அதை மருத்துவர் சொல்லட்டும். பெருங்குடலில் வாழ்பவை நம்மிடம் வேண்டுவது நார்ச்சத்து. கீரைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரை, தோலோடு கூடிய பயறு, தீட்டாத சிறுதானியம் ஆகியவற்றின் நாரைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலமே பெருங்குடல் செல்களின் முதன்மை உணவு.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. நிலவாகை சேர்ந்த எந்தப் பொருளானாலும் அதன் உறையின் முன்பக்கத்தில், கடையில் வழங்கும் தமிழ்ப் பெயரால், படிக்கக்கூடிய எழுத்தில் அது குறிப்பிடப்பட வேண்டும். ஓரிரு வாரங்களுக்கு மேல் இதை எடுத்துக்கொள்ள மருத்துவ மேற்பார்வை தேவை என்று ஐரோப்பிய மருந்து முகமை வகுத்திருக்கும் எச்சரிக்கை போன்ற ஒன்று அதனருகே இருக்க வேண்டும். மருந்தாளுநர்களும் மருத்துவர்களும், குறிப்பாக நீர் மாத்திரையோ இதய நோய்க்கான டிகாக்சினோ எடுப்பவர்களிடம், 'வயிற்றுக்குப் பொடி ஏதும் சாப்பிடுகிறீர்களா?' என்று தவறாமல் கேட்க வேண்டும். இத்தகைய விளம்பரங்களை வெளியிடும்போது மருந்தின் உட்பொருளையும் தெரிவிக்குமாறு விளம்பரதாரர்களிடம் தங்கள் நாளிதழ் கேட்குமானால் பேருதவியாக இருக்கும்.

பல மாதங்களாக இப்பொடியை எடுத்து வருபவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நிறுத்தியதும் சில நாட்கள் மலம் இறுகும். அப்போது பயந்து மீண்டும் பொடியிடம் போகாமல், நீரையும் நாரையும் மெல்லக் கூட்டி, பொட்டாசியத்தை ஒருமுறை சோதித்துக்கொண்டு, மருத்துவர் துணையோடு அந்த நாட்களைக் கடக்க வேண்டும். என் தாயாருக்கு அதற்கு ஆறு வாரம் ஆயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருநெல்வேலி.