வாசிகசாலை ஆண்டறிக்கை: செயலாளர் எழுதுவது

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். பொங்கல் விழா, வாணி விழா, இரண்டு சிரமதானம் வழமைபோல நடந்தன. முன்பக்க வேலி திருத்தியாயிற்று.

இனி சனிக்கிழமை வாசிப்பு வட்டம். வாசிகசாலையில் கொம்பியூட்டர் பாடம் எதற்கு என்று பொதுக்கூட்டத்தில் கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருந்தும் எங்கள் பிள்ளைகளில் அங்கே போகக் கிடைத்தவர்கள் கொஞ்சப்பேர்தான், மற்றவர்கள் தாங்களாகவே படிக்க வேண்டியிருக்கிறது. அதனால் அஜைல் முறையில், அதாவது சின்னச் சின்னப் பகுதியாகச் செய்து பாவிப்பவரிடம் காட்டித் திருத்தும் முறையில், மென்பொருள் செய்வதையும், மனிதரை இணங்க வைக்கும் உளவியலையும் எடுத்துக்கொண்டோம். 2001 இல் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தை முதல் வாரமே வாசித்தோம், பாவிப்பவரோடு சேர்ந்து வேலை செய் என்று அதில் தெளிவாக இருந்தும் அப்படிச் செய்யவில்லை. புத்தக இரவல் பதிவுக்கு மூன்று மாதம் யாருக்கும் காட்டாமல் ஒரு மென்பொருள் செய்து, நூலகம் பார்க்கும் அக்காவிடம் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொரு திரையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் எனக்கெதுக்கு? ஆர் புத்தகம் திருப்பித் தரேல்லை எண்டு மட்டும் காட்டு, காணும்" என்றார்.

அதோடு இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சின்ன வேலையை எடுத்து முடித்துக் காட்டும் தவணை, என்று மாறினோம். முதல் ஸ்பிரிண்டில் அந்த ஒரு பட்டியல் மட்டும்தான், அக்கா இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறார். மின்விசிறி போட்டால் வேலைகளை எழுதிச் சுவரில் ஒட்டிய துண்டுகள் பறக்கும், ஆகவே அதை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க நின்றபடி 15 நிமிடம் பேசுவோம்.

உளவியலில், மனிதர் எதனால் இணங்குகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் சியால்டினி 1984 இல் எழுதிய ஆறு கோட்பாடுகளை வாசித்தோம். அதற்கும் முன்னர், 1966 இல், கலிபோர்னியாவில் ஃபிரீட்மனும் ஃபிரேசரும் செய்த ஆய்வில், சின்ன உதவிக்கு முதலில் சம்மதித்தவர்கள் பிறகு பெரியதுக்கும் சம்மதித்தார்கள். இதைக் கேட்ட ஒரு அம்மா, நுண்கடன் கொடுக்க வந்தவர்கள் "இப்ப பேரை மட்டும் தாங்கோ, பக்கத்து வீட்டு அக்காவும் தந்திட்டா" என்று முற்றத்தில் நின்று கேட்டதைச் சொன்னார். அவர் இன்னமும் கட்டி முடிக்கவில்லை. இந்தப் படிப்பு வன்னிக்கு ஏன் வேண்டும் என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமில்லாமல் விளங்கியது. இதே வித்தையால் சந்தா வாங்குவோமே என்று ஒருவர் கேட்டார், நான் மறுத்துவிட்டேன்.

எனவே நேரடியாகவே சொல்கிறேன். 41 அங்கத்தவரில் சந்தா கட்டியவர்கள் 23 பேர். வட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 19, தொடர்ந்து வருபவர்கள் 6. வராதவர்கள் காரணத்தையாவது சொல்லியிருக்கலாம், ஆளில்லாமல் இரண்டு ஸ்பிரிண்ட் அப்படியே நின்றுபோனது.

கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, கையில் சிறு தொகை மிச்சம். மின்கட்டணமும் இணையக் கட்டணமும்தான் பெரிய செலவு. நிர்வாக சபைக்கும், கதிரை தந்த விளையாட்டுக் கழகத்துக்கும், தேநீர் போட்டுத் தந்த அக்காவுக்கும் நன்றி.

வரும் வருடம் சந்தாப் பதிவுக்கும் அஜைல் முறையில் மென்பொருள் செய்ய நினைக்கிறோம். அதற்கு இன்னும் நாலு பேராவது வேண்டும், இல்லாவிட்டால் நான் திரும்பவும் இந்தப் பொறுப்பை எடுப்பது கஷ்டம். சனி பின்நேரம் 4 மணிக்குக் கதவு திறந்திருக்கும், பற்றுச்சீட்டுப் புத்தகமும் மேசையில் இருக்கும்.