நாய் இழுக்காமல் நடக்க

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானலில் நாயுடுபுரம், ஆனந்தகிரி இறக்கங்களில் நாய் முன்னே பாய, பிடித்திருப்பவர் பின்னால் சறுக்கிக்கொண்டே போவதை நாள்தோறும் பார்க்கலாம். மழையில் பாசி பிடித்த படிகளில் ஒரு லாப்ரடார் வெட்டி இழுத்தால், வயதானவர்களுக்கு இடுப்பெலும்பே முறியும். இதற்கென்று பலரும் வாங்குவது கழுத்தை இறுக்கும் சங்கிலி. தயவுசெய்து வேண்டாம். அது மூச்சுக்குழாயைக் காயப்படுத்தும். வலித்தாலும் பல நாய்கள் இழுப்பதை விடுவதில்லை. இழுத்தால் போக நினைத்த இடத்துக்குப் போகலாம் என்று நாம்தானே தினமும் பழக்குகிறோம்!

ஆறடி நைலான் கயிறும், நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த ஹார்னஸும் (கழுத்தை விட்டு உடம்பைச் சுற்றி மாட்டும் வார்) போதும். ஹார்னஸுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முதுகில் மட்டும் வளையம் இருந்தால் நாய்க்கு இழுக்கத்தான் வசதி. தானாக நீண்டு சுருளும் கயிறு இன்னும் மோசம்: இழுத்தால் கயிறு வரும் என்பதையே அது கற்றுக்கொடுக்கும்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டுக்கு முன், ஐந்தைந்து நிமிடம். உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவு கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு கூடாது. கயிறு தொய்வாக இருக்க, நாய் பக்கத்திலேயே நடந்தால் உங்கள் தொடையை ஒட்டிக் கொடுங்கள். கையை முன்னே நீட்டிக் கொடுத்தால் அது குறுக்கே வந்து நிற்கும். முதலில் இரண்டு அடி நடந்தால் ஒரு துண்டு, பிறகு ஐந்து அடிக்கு ஒன்று, பத்து அடிக்கு ஒன்று.

கயிறு விறைத்ததும் அப்படியே நில்லுங்கள். சுண்டாதீர்கள், அதட்டாதீர்கள். கயிறு தொய்ந்த பிறகே அடுத்த அடி. நின்றும் பலனில்லை என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள். வீட்டில் ஒருவர் நிற்க, இன்னொருவர் இழுபட்டுப் போனால் பழக்கியது அத்தனையும் பாழ். பத்துக்கு ஒரு தடவை பலித்தாலும் நாய் விடாமல் இழுக்கும்.

அடுத்து ஆளில்லாத சமதளம். ஏரிச்சாலை ஏற்றதுதான், ஆனால் குதிரையும் வாடகை சைக்கிளும் பெருகும் வார இறுதியில் வேண்டாம். இறக்கம் கடைசியில். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், விரல் முறியும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நாய் உங்களோடு எதிர்ப்பக்கம் திரும்புகிறதே, அந்தத் திருப்பத்தை மட்டும் நாள் தவறாமல் பழக்குங்கள். வளைவில் காட்டுமாடு நின்றால், நாய் குரைக்கக் குரைக்க அது முட்ட வரலாம். கத்தாமல், கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, வந்த வழியே நாயைத் திருப்பிக் கூட்டிவர அப்போது அதுதான் உதவும். சிறுத்தை நடமாட்டம் உள்ள பகுதியில் இருட்டுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர், கொடைக்கானல்