செயலாளர் அறிக்கை: செயலிகளோடு ஒரு வருடம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் எத்தனை கூட்டம் நடந்தது, யார் பேசினார்கள் என்றுதான் எழுதுவேன். கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன, கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சரி, அதை அத்தோடு விடுகிறேன். ஏனென்றால் இந்த வருடம் நம்மை அதிகம் வேலை வாங்கியது குடியை நிறுத்தவோ குறைக்கவோ உதவும் ஃபோன் செயலிகள்தான்.

போன பொதுக்குழுவில் ஒரு அண்ணன் எழுந்து, "கூட்டம் வாரத்துக்கு ஒரு நாள், எனக்கு ஆசை வருவது ராத்திரி ரெண்டு மணிக்கு, அப்போ நான் யாரிடம் போவேன்?" என்று கேட்டார். அன்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் சிறு குழு ஒன்றை அமைத்தோம். குடியை விட்டவர்கள் சிலரும் வீட்டார் சிலரும் அதில் இருந்தார்கள். கிடைத்த செயலிகளை எல்லாம் அவரவர் ஃபோனில் போட்டுப் பல மாதம் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

முதலில் எண்ணிக்கை விஷயம். பாதிச் செயலிகள், இன்று எத்தனை 'டிரிங்க்' என்று கேட்டுக் கணக்கு வைப்பவை. ஒரே ஆள், ஒரே இரவு, ஆனால் இரண்டு செயலிகள் இரண்டு எண்களைக் காட்டின. காரணம் பிறகுதான் புரிந்தது: ஒரு 'டிரிங்க்' என்று எண்ணும் அளவு பிரிட்டனில் 8 கிராம் சுத்த ஆல்கஹால், அமெரிக்காவில் 14 கிராம். எந்த நாட்டுக் கணக்கு என்று பார்க்காமல் எண்ணை நம்பினால், குறைத்துவிட்டோம் என்று வீணாக நிம்மதி அடைவோம். ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் ஏறியிருக்கிறது என்று கணித்துச் சொல்லும் செயலிகளை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஸ்வீடனில் பல்கலைக்கழக மாணவர்களிடம் அப்படி ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது, அதைப் பயன்படுத்திய ஆண்கள் முன்பைவிட அடிக்கடி குடித்திருந்தார்கள்.

அதே 2014இல் வந்த இன்னொரு ஆய்வுதான் எங்களுக்கு வழி காட்டியது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஏ-செஸ் என்ற செயலி அது. மையத்தில் தங்கிச் சிகிச்சை முடித்து வெளியே வந்த 349 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு மாதம் அதைக் கொடுத்தார்கள். முந்தைய 30 நாட்களில் அளவு மீறிக் குடித்த நாட்கள், செயலி இல்லாதவர்களுக்குச் சராசரி 2.75, இருந்தவர்களுக்கு 1.39. முன்பு வழக்கமாகக் குடித்த இடத்தை நெருங்கினால் அது எச்சரிக்கும், தாங்க முடியாத நேரத்தில் அழுத்த அவசர பட்டன் ஒன்றும் உண்டு.

அந்தப் பட்டனைப் பற்றித்தான் குழுவில் நீண்ட நேரம் பேசினோம். மூச்சுப் பயிற்சி, நினைவூட்டல், 'இன்று 40ஆம் நாள்' என்று வரும் வாழ்த்து எல்லாம் நல்லவைதான். ஆனால் குழுவில் இருந்தவர்கள் ஒருவர்கூட மாறாமல் சொன்னது இது: குடிக்கும் ஆசை அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கிவிடும், அந்த அரை மணி நேரம் பேச மறுமுனையில் ஒரு ஆள் வேண்டும். அதனால் நம் உறுப்பினர்களிலேயே ராத்திரி ஃபோன் எடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியலைத் தயாரித்து, அவரவர் செயலியில் அந்த எண்களைச் சேர்த்துக் கொடுத்தோம். இந்த வருடம் நாம் செய்ததில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அப்புறம் வீட்டார். இங்கேதான் சண்டையே வந்தது. ஒரு அக்கா தினமும் காலையில் கணவரின் ஃபோனைத் திறந்து கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார். கொஞ்ச நாளில் அந்தக் கணவர் செயலியிடமும் பொய் எழுத ஆரம்பித்தார். நானும் என் தம்பி விஷயத்தில் இதையே செய்திருக்கிறேன், அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாதாடி முடித்த பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டது, குடிப்பவரின் செயலி அவருடையது, அவராகக் காட்டினால் பார்க்கலாம், இல்லையென்றால் தொடக்கூடாது. வீட்டாருக்குத் தனி உதவி வேண்டும். அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் அவர்களுக்காகவே இருக்கிறது, இப்போது ஃபோன் வழியாகவும் கூட்டங்களில் சேரலாம். கிராஃப்ட் என்ற பயிற்சி முறை, திட்டாமல் மிரட்டாமல், குடிக்காத நேரத்தில் நெருக்கமாக இருந்து, குடித்த நேரத்தில் விலகி நின்று, சரியான தருணத்தில் சிகிச்சைப் பேச்சை எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறது. 1999இல் வெளியான ஆய்வில் இந்த முறையில் பழகிய குடும்பங்களில் 64 சதவீதத்தினர், அதுவரை மறுத்துவந்தவரைச் சிகிச்சைக்கு வரவைத்திருந்தார்கள். இதைப் பொறுமையாகக் கற்றுத்தரும் செயலி நம் மொழியில் எங்கள் கண்ணில் படவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், குடிநோய்க்கு இணையவழிச் சிகிச்சை தந்த ஒரு நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது, வந்தவர்களின் விவரம் விளம்பர நிறுவனங்களுக்குப் போயிருந்ததுதான் குற்றச்சாட்டு. உண்மைப் பெயர் தராமல் சேருங்கள், தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்கும் செயலிக்கு அனுமதி தராதீர்கள்.

இன்னொன்று, இதை எல்லோரும் வீட்டிலும் சொல்லுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் செயலியை நம்பித் திடீரென்று நிறுத்தக்கூடாது. கைநடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்திலேயே ஆரம்பிக்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், அதற்குப் பிறகுதான் ஃபோன். நம் உறுப்பினர் ஒருவர் இந்த வருடம் வலிப்பு வந்து விழுந்தார், பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தார்.

வரும் ஆண்டுக்கு: சோதித்த செயலிகளின் குறிப்பைக் கையெழுத்துப் பிரதியாகவே வைத்திருக்கிறோம், அதைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். ராத்திரி பட்டியலில் ஒரு மணி முதல் நான்கு மணி வரை இன்னும் இரண்டு பேர் தேவை, இப்போது அந்த நேரத்தை ஒரே ஆள் சுமக்கிறார். பெயர் தர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.