குகை டைவிங்: நீ கேட்டதற்குப் பதில்

அன்புள்ள முரளி,

மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். மெக்சிகோ போகும்போது செனோட்டேயில், அதாவது சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான நீர்க்குழியில், இறங்கப்போவதாக எழுதியிருந்தாய். அந்த இருட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய்.

அந்தச் செனோட்டேகள் இருக்கும் யூகட்டான் தீபகற்பத்தின் குகைகள், பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கிக் கிடந்தபோது உலர்ந்திருந்தவை. அப்போது சொட்டுச்சொட்டாக வளர்ந்த கல்விழுதுகள் இன்று தெளிந்த நீருக்குள் தொங்குகின்றன. மேலே நன்னீர், அடியில் உப்புநீர். இரண்டும் கலக்கும் மட்டத்தில் எண்ணெய் தடவிய கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் எல்லாம் மங்கும். கொஞ்சம் ஏறினாலோ இறங்கினாலோ தெளிந்துவிடும்.

அழகுக்காக ஒருமுறை போகலாம். என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது, உள்ளே வேறெந்த நினைப்புக்கும் இடமில்லாமல் போவதுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் கணக்கு உண்டு. சிலிண்டரில் 200 பார் அழுத்தக் காற்றோடு இறங்கினால், அளவி 140 காட்டும்போது திரும்பிவிட வேண்டும். தோராயமாக மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி கூட்டாளிக்கு. கடைசி முனையில் அவருடைய காற்று தீர்ந்தால் இருவரும் அதில்தான் வெளியே வர வேண்டும். பதற்றத்தில் மூச்சு கூடும். நீரோட்டம் உள்நோக்கி இழுத்தால் இந்தக் கணக்கே போதாது, இன்னும் முன்னதாகத் திரும்ப வேண்டும்.

திரும்பி வரும் வழி தெரிய, உள்ளே போகப்போக ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டே போவோம். இந்த வழிக்கயிற்றின் முதல் முடிச்சு, நேரே மேலே ஏறிவிடக்கூடிய திறந்த நீரில். இரண்டாவது குகை வாயைத் தாண்டியதும். கயிறு தொய்ந்தால் காலில் மாட்டிய துடுப்பில் சிக்கும். அதைவிட மோசம், வளைவில் சரியாகக் கட்டாத கயிறு இழுபட்டு, ஆள் நுழைய முடியாத இடுக்குக்குள் போய்விடுவது. வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரியாது. வண்டல் கிளம்பி, கையால் கயிற்றைத் தடவிக்கொண்டே வரும்போதுதான் பாறையில் முட்டி நிற்போம். கயிற்றில் மாட்டும் அம்புக்குறிகள் எப்போதும் வெளிவழியைத்தான் காட்டும். விரலாலேயே திசை தெரிந்துவிடும். டார்ச் ஆளுக்கு மூன்று. ஒன்று அணைந்தாலே திரும்ப வேண்டியதுதான்.

அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1970களில் குகை மரணங்களை ஆராய்ந்து சொன்ன காரணங்களும் இவைதான்: தொடர்ச்சியான கயிறு இல்லாமை, காற்றை மீதம் வைக்காமை, ஆழத்தை மீறுதல்.

உன்னிடம் இருக்கும் டைவிங் சான்றிதழுக்கு வழிகாட்டியோடு, பகல்வெளிச்சம் தெரியும் பகுதி மட்டும் போதும். அதற்குள்ளேயே கல்விழுதுகளைப் பார்த்துவிடலாம். அதற்குமுன் புதுச்சேரியில் ஒரு பயிற்சி செய்: மணலுக்கு ஒரு மீட்டர் மேலே, கையை அசைக்காமல், முழங்காலை மடக்கித் தவளைபோல் உதைத்துப் போ. பின்னால் புழுதி கிளம்பினால் இன்னும் பழக வேண்டும். எப்படிப் போனது என்று எழுது.

அன்புடன்,
கண்ணன்