செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வளரும் நாடுகளில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளையோருக்குக் கைத்தொழில் கற்க வழிசெய்வதே நம் சங்கத்தின் பணி. இவ்வாண்டு புதிய திட்டம் எதையும் தொடங்குவதில்லை என்றும், ஆப்பிரிக்க நாடான மலாவியில் நாம் ஏற்கெனவே துணைநிற்கும் தச்சுப் பட்டறையையும் தையல் வகுப்பையும் நிலைநிறுத்துவதே முதற்கடமை என்றும் செயற்குழு தீர்மானித்தது. இம்முடிவில் சில உறுப்பினர்களுக்கு மனக்குறை உண்டு என்பதை அறிவேன். ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

நாம் முன்பு அனுப்பிய ரம்பங்கள் நல்ல தரமானவை. ஆனால் அவற்றின் பல்லைத் தீட்டுவதற்கான முக்கோண அரம் ஒன்றைக்கூட நாம் பெட்டியில் வைக்கவில்லை. மழுங்கிய ரம்பத்தை மாணவர்கள் வலுவைக் கூட்டி அழுத்த, வெட்டு குறித்த கோட்டிலிருந்து விலகிப் பலகைகள் வீணாயின என்று பயிற்றுநர் எழுதியிருந்தார். தையல் வகுப்பிலும் இதே நிலைதான். மின்சாரம் இல்லாத ஊர்களிலும் பயன்படும் என்றே மிதி இயந்திரங்களைத் தேர்ந்தெடுத்தோம். கீழ்ச்சக்கரத்தை மேற்சக்கரத்தோடு இணைக்கும் தோல்வார் அறுந்ததும், மாற்று வார் கிடைக்காமல் அவற்றில் இரண்டு இயந்திரங்கள் பல வாரங்கள் துணி போர்த்தியபடி மூலையில் கிடந்தன. பிழை நம்முடையதே.

இவ்வாண்டு முதல் கருவிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் அரம், சாணைக்கல், ஊசி, பாபின் என்னும் நூல்சுற்று உருளை, தோல்வார், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புகிறோம். அறுக்கவும் இழைக்கவும் கற்பதற்கு முன்பே உளியைத் தீட்டக் கற்பது என்று பாடமுறையும் மாற்றப்பட்டுள்ளது. பாடக்குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்த குறையும் தீர்ந்து, இப்போது அவை அங்கு பரவலாகப் பேசப்படும் சிச்சேவா மொழியிலும் கிடைக்கின்றன.

ஈரம் காயாத மரத்தில் செய்த நாற்காலிகள், வறண்ட மாதங்களில் சுருங்கி மூட்டு தளர்ந்ததால் திரும்பி வந்ததையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். கன மரம் நிழலில் காற்றாட உலர, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பது தச்சர்களின் கணக்கு. பலகைகளுக்கிடையே சட்டம் வைத்து அடுக்கி உலர்த்துவதற்கு ஒரு கூரைக் கொட்டகை அமைக்க நம் நிதியிலிருந்து உதவினோம். என் பார்வையில் இவ்வாண்டின் மிகப் பயனுள்ள செலவு இதுவே.

மழைக்காலம் தொடங்கும் நவம்பரில் நடவு வேலைக்காக மாணவர் வருகை குறைந்தது. இனி மழைக்கால மாதங்களில் வகுப்புகள் பிற்பகலில் மட்டும் நடைபெறும்.

பட்டறையில் செய்யும் பொருள்களை விற்று அதன் செலவை அங்கேயே ஈட்டலாமே என்ற யோசனை நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. போட்ஸ்வானாவின் செரோவே ஊரில் கல்வியாளர் பேட்ரிக் வான் ரென்ஸ்பர்க் 1965இல் தொடங்கிய கட்டுமானப் பயிற்சிக் குழு இவ்வழியில்தான் இயங்கியது; பயிற்சி பெறுவோர் உண்மையான கட்டடங்களைக் கட்டியே தொழிலைக் கற்றார்கள். எனினும் வருமானத்தின் நெருக்கடி கூடும்போது கற்பிக்கும் நேரம் சுருங்கும் என்பதே அத்தகைய குழுக்களின் அனுபவம். ஆகவே மரம், ஆணி முதலிய மூலப்பொருள் செலவை மட்டும் விற்பனையிலிருந்து ஈடுசெய்யலாம், பயிற்றுநரின் ஊதியத்தை அதனோடு பிணைக்கக் கூடாது என்று முடிவு செய்துள்ளோம். மாதந்தோறும் ஊதியம் உறுதியாகக் கிடைக்காத பயிற்றுநர் வேறு வேலை தேடிச் செல்வது இயல்பு; அவர் போய்விட்டால் எத்தனை கருவிகள் இருந்தும் வகுப்பு நடவாது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கருவிகளைத் துருநீக்கிச் செப்பனிட்டுத் தந்த உறுப்பினர்களுக்கு நன்றி. வரும் ஆண்டில் பயிற்றுநர் ஊதியத்துக்கெனத் தனி நிதி ஒன்றை ஏற்படுத்த அவையின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

இவண்,
செயலாளர்