23 டயரோடு வராதே

செங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே சாரல் பிடித்துவிட்டது. ராத்திரியெல்லாம் கணவாய்க் காற்று ஜன்னலைத் தட்டுகிறது.

ரோடு பைக், அதுதான் தார் ரோட்டில் வேகமாக ஓட்டுகிற சைக்கிள், வாங்கிவிட்டாய், ஆடியில் என்னோடு புனலூர் வரை வருகிறாய். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் அதில் இருக்கும் 23 மில்லிமீட்டர் அகல டயரோடு மட்டும் வராதே. போன வருஷம் நானும் அதில்தான் ஓட்டினேன். புளியரை எஸ் வளைவில் லாரிக்கு ஒதுங்கியபோது பின்சக்கரம் குழியில் இறங்கியது. ட்யூபைக் கழற்றினால், பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. கொட்டுகிற மழையில் தள்ளிக்கொண்டே ஊர் வந்தேன்.

28 போடு. மெல்லிய டயர்தான் வேகம் என்று நாம் நம்பியது தப்பு. ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர்தான் லேசாக உருளும். வாங்குமுன் பிரேக்கிலும் ஃபிரேமிலும் இடம் இருக்கிறதா பார். சுற்றிலும் 4 மில்லிமீட்டராவது வேண்டும். டயர் பக்கத்தில் 28-622 என்று இருக்கும். 622 என்பது ரிம்மில் உட்காரும் விட்டம், அது மாறவே கூடாது. வழவழவென்று இருக்கிறதே, மழையில் வழுக்குமோ என்று பயப்படாதே. சைக்கிள் டயர் தண்ணீர் மேல் மிதக்காது. ரோட்டின் வெள்ளைக்கோட்டில் மட்டும் பார்த்துப் போ.

நீயே மாட்டு, கடைக்குக் கொடுக்காதே. அம்புக்குறி இருந்தால் ஓடும் பக்கம் பார்த்து வை. ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வை. டயர் ஓரத்தை ரிம்முக்குள் ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, வால்வில் வந்து முடி. கடைசி நாலு விரல்கடை ஏறாமல் அடம்பிடிக்கும். அப்போது டயர் நெம்பும் லிவரை எடுக்காதே, ட்யூப் கிழிவதே அங்கேதான். ஏற்கெனவே ஏறிய ஓரத்தைச் சுற்றிலும் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கு. இடம் தளர்ந்து, கட்டைவிரலுக்கே ஏறிவிடும். பிறகு வால்வை ஒருதரம் உள்ளே தள்ளிவிடு, ட்யூப் எங்காவது ஓரத்தில் மாட்டியிருந்தால் விடுபடும்.

நான் 70 கிலோ. பின்னால் 80, முன்னால் 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்கிறேன். மழையில் இன்னும் ஐந்து குறைப்பேன். உன் எடையை எழுது, கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

இரண்டு ட்யூப் கூடுதலாகக் கொண்டு வா. கழுதுருட்டி 13 கண் பாலத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். திரும்பும்போது பிரானூர் பார்டரில் புரோட்டா. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் எல்லையாக இருந்த இடம், பெயர் இன்னும் பார்டர்தான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
மாப்ளே